எப்போது எண்ணியது

மீன்பிடித் தடை தொடங்கி நாற்பதாம் நாள்
மண்டபத்தில் எங்கள் ஐஸ் கம்பெனியில்
வினாடி வினா வைத்தோம்.
படகுகள் மேட்டில் கிடந்தன, அடிவயிறு சுரண்டப்பட்டு.
ஆண்கள் சீட்டாடி அலுத்திருந்தார்கள்.
முதலாளி ஒரு குக்கர் தந்தார், ஐந்து லிட்டர்.
கேள்வி தயாரிக்கும் வேலை
கணக்கு எழுதும் என் தலையில் விழுந்தது.

அட்டை கிழிந்த பொது அறிவுப் புத்தகம் ஒன்று,
பில் புத்தகத்தின் பின்பக்கம்,
மூன்று ராத்திரி.

அணிகளுக்கு மீன்பெயர்: சீலா, ஊளி, காரல்.
காரலில் எல்லோரும் பாசி எடுக்கும் பெண்கள்.
"எங்களுக்கு மட்டும் மலிவு மீனா?"
கித்தேரியம்மாள் கேட்டாள்.
சீட்டுக் குலுக்கிப் போட்டது என்றேன். பொய்.

பஹ்ரைனின் தலைநகர் என்று முடிப்பதற்குள்
மனாமா என்றார் சந்தியாகு,
மூன்று வருஷம் அங்கே வலை இழுத்தவர்.
அந்த ஊர்ப் பணம்?
"தினார். எனக்கு ஏழு மாசப் பாக்கி,
அதையும் சேத்து எழுதிக்க."

வீணைக்கு மெட்டு எத்தனை?
கம்ப்ரசர் மட்டும் ஏதோ ஒரு ராகத்தில்.
நைனா முகம்மது ஏழு என்றார்; அது தந்தி.
இருபத்துநாலு என்று நான் படித்ததும்
எல்லோரும் தலையாட்டினார்கள்,
நாக்கு நுனியில் இருந்ததுதான் என்பதுபோல.

சுறாவுக்கு எலும்பு எத்தனை?
சிரித்துவிட்டார்கள்.
கணவாய்க்கு இதயம்?
ஆயிரம் கணவாய் கிழித்த கைகள்
மடியில் கிடந்து யோசித்தன.
மூன்று.
"அப்ப மூணும் நின்னாத்தான் சாவுமா?"
புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

கடல்நீர் எத்தனை டிகிரியில் உறையும்?
பூஜ்யம் என்று கத்தியது ஊளி.
எந்த அணியிலும் இல்லாத மெஷின்கார முனியராஜ்
கதவோரம் நின்றபடி சொன்னான்:
"அதுக்கும் கீழ. உப்புத்தண்ணி
உறையாம நிக்கிறதாலதான்
உங்க மீனுக்கு ஐஸ்."
அவனுக்கு வரவேண்டிய ஒரு மதிப்பெண்ணை
இன்னும் எந்தக் கணக்கிலும் நான் ஏற்றவில்லை.

சீலாவும் காரலும் சமம். கடைசிக் கேள்வி.
மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில்
தீவுகள் எத்தனை?

"இருபத்தொண்ணு." சந்தியாகு எழுந்தேவிட்டார்,
குக்கரைப் பார்த்தபடி.
"எப்ப எண்ணுனது?" என்றாள் கித்தேரியம்மாள்.

புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.
"புத்தகம் எப்ப அடிச்சது?"
அந்த வருஷம் கிழிந்த அட்டையோடு போயிருந்தது.

"பத்தொம்பது" என்றாள். "ரெண்டு முங்கிருச்சு."
கீழக்கரை நைனாவைப் பார்த்தோம்.
எதிரணிக்குச் சாட்சி சொல்ல
அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
"பூவரசன்பட்டி இப்ப தண்ணிக்குள்ளதான்.
தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் அப்படித்தான்."
"முங்குனா தீவு இல்லைன்னு ஆயிருமா?
பேர் இருக்குல்ல?" என்றார் சந்தியாகு.
"பவளத்த வெட்டி சுண்ணாம்புக் காளவாசலுக்கு
ஏத்துனது யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
அது கேள்வித்தாளில் இல்லாதது.
பதில் தெரிந்த இரண்டு பேர் பீடி பற்றவைத்தார்கள்.

இருவருக்கும் மதிப்பெண் போட்டேன்.
மறுபடி சமம். குக்கர் ஒன்று.
கடைசியில் அது கம்பெனியிலேயே தங்கிவிட்டது,
டீத்தண்ணி கொதிக்கிறது அதில்.

அன்றிரவு பில் புத்தகத்தைத் திருப்பி
ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில்
வருஷம் எழுதப் பார்த்தேன்.
கணவாயின் மூன்று இதயத்துக்குத் தேவைப்படவில்லை.
மனாமாவுக்குப் போட்டேன்.
தீவுக்குப் பென்சில்.

தடை நீங்கிய அன்று விடியுமுன்
சந்தியாகு வந்து நின்றார்.
"இருபத்தொரு பாரு. எண்ணிப் போடு."
எண்ணித்தான் போட்டேன், சத்தமாக,
அவரும் கூடவே எண்ணினார்.
வண்டியிலிருந்து தண்ணீர்
ஜெட்டி வரைக்கும் கோடு போட்டுக்கொண்டே போனது.