செருப்பு ரப்பரில் ஓர் ஆறு

டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே
ஒற்றை அறை, ஒரே ஜன்னல்.
மாசம் ஆயிரத்து இருநூறு, நாலு பேர் பங்கு.
நாகூர்மீரான் பங்கு மட்டும்
இருபதாம் தேதிக்குப் பிறகுதான் வரும்.

பரோட்டாக் கடையில் மாவடித்த கையோடு வந்து
பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து
ஆடு செய்வான்.
ஒரு கால் எப்பவும் குட்டையாகிவிடும்.
‘நொண்டி ஆட்டைத்தாம்வே திரும்பிப் பாப்பாக’ என்பான்.
சமாளிப்புதான்.
ஆனாலும் திரும்பிப் பார்ப்போம்.

எஸ்தர் பெரியாஸ்பத்திரி நர்ஸ்.
யாரும் வாங்கிப்போகாத எக்ஸ்ரே ஃபிலிமை
வெளிச்சத்தில் பிடித்து
விலா எலும்புகளுக்கு நடுவே நூல் கோக்கிறாள்.
என்னட்டி தைக்கே என்றால்
முடியட்டும், எனக்கே தெரியல.

உச்சிமாகாளி கரண்ட் ரீடிங் எடுப்பவன்.
வீட்டுக்கு ஒரு நாய் வரைவான்,
கடித்த நாய்க்கு ஒரு நோட்டு
கடிக்காததுக்கு ஒரு நோட்டு.
கடிக்காத நோட்டு
நிறைந்து ரெண்டாவது ஆகிறது.

நான் சீட்டுக் கம்பெனி வசூல்.
கீழே கழித்துப்போடும் டயர் ரப்பர்
என் கத்திக்கு மசியவில்லை.
ஹவாய் செருப்பு மசிந்தது.
பதினொன்று சேர்த்தேன், ஒட்டுப்பலகையில் ஒட்டினேன்.
ஐந்து ஜோடி, ஆற்றோரம் கிடந்த ஒற்றை ஒன்று.
அம்பைக்கும் கல்லிடைக்கும் நடுவிலுள்ள பாலத்தை
ஐந்து மாசம் செதுக்கினேன்.

தண்ணீர்தான் வரவில்லை.
கோடு இழுத்தால் உழுத வயல்.
புள்ளி குத்தினால் தூறல்.
சும்மா விட்டால்
கறுப்பாய், தார் ஊற்றின மாதிரி.

ஆறாவது தாளில்
நோட்டீஸ் பிரஸ்ஸில் வாங்கிய மை குறைந்துபோனது.
கரண்டி முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்த்து உரித்துப் பார்த்தால்
குதிகால் தேய்ந்த பள்ளங்களில்
மை பிடிக்காமல்
வெள்ளை வெள்ளையாய் ஒன்று போகிறது.
யாரோ நடந்த நடை.
எஸ்தர் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
ஓடுதுட்டி.

கண்காட்சி, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்,
முகூர்த்தமில்லாத இரண்டு நாள்.
சுவரில் ரசத் தெறிப்பு இருந்த இடமாய்ப் பார்த்து
நாய்களை மாட்டினோம்.
முதல் நாள் பதினாலு பேர்.
ஒன்பது பேர் எங்கள் வீட்டு ஆட்கள்.

இரண்டாம் நாள் காலை
வாழைத்தார் ஏற்றுகிற சங்கரபாண்டி
படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தார்.
‘ஏ தாயி, பாலம் மாறிக் கெடக்கே.
கல்லிடை இருக்க வேண்டிய கையில
அம்பை இருக்கு.’

எழுத்தைத் திருப்பிச் செதுக்கணும் என்று தெரியும்.
டீக்கடைப் போர்டைக்கூடத் திருப்பித்தான் செதுக்கினேன்.
கரையைத் திருப்ப மறந்துபோயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கூட்டம் தாங்கவில்லை.
தப்பைப் பார்க்க ஆட்டோ பிடித்து வந்தார்கள்.
செல்போன் டவரைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள்,
அவரவர் வீடு அக்கரைக்குப் போனதென்று
விரலால் தாளைத் தொட்டுக் காட்டினார்கள்.
(தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தோம்.)
நாகூர்மீரானின் ஆட்டில்
ஒரு பையன் பையை மாட்டிவிட்டுப் போனான்.

கல்லிடையிலிருந்து அம்பைக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி,
இடுப்பில் பிள்ளை,
ரொம்ப நேரம் நின்றாள்.
‘அப்பம் எங்கம்மை வீடு இந்தக் கரையா?’
முந்நூறைப் பேரம் பேசி இருநூற்றைம்பதாக்கி
பேப்பரில் சுருட்டி வாங்கிப்போனாள்.
அவள் ஒருத்திதான் வாங்கினாள்.

இந்த வாரம் பாலத்தின் நடுவில் நின்று
கைக்கண்ணாடியில் ஆற்றைப் பார்க்கிறேன்,
அடுத்த பலகைக்காக.
பாபநாசம் பஸ் ஹாரன் அடித்துத் திட்டிப் போகிறது.
கண்ணாடியில் கரைகள் மாறிக்கொள்கின்றன.
இப்படிச் செதுக்கினால் சரியாக விழும்.

சரியாக விழ வேண்டுமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
வீட்டில் இருக்கிற செருப்பை எல்லாம்
குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
அம்மா ஒளித்து வைக்கிறாள்.