பதினொன்றாவது எபிசோட்

நான்காவதில் நான் சாகிறேன்.
ஏழாவதில் வேறொரு கிரகத்தில்
வேறொரு மூக்கோடு மீன் விற்கிறேன்.
நீ போன மாதம்தானே சுடப்பட்டாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
முதல் சீசனில் ‘ஏழாம் வளையம்’ அப்படித்தான்:
செத்தவனுக்கும் மறுநாள் கூலி உண்டு.

பர்னபியில் நவம்பர். மழை விட்ட பாடில்லை.
இடுப்பு அறுவை முடிந்து சோபாவில் கிடக்கிறான் வென்டல்,
வயிற்றின் மேல் ரிமோட்.
இரண்டாவது சீசனிலிருந்து பார்த்தால் போதும்,
அதற்கு முன்னால் எல்லாம் தலைவலி
என்று ஊரே சொல்கிறது.
வென்டலுக்கு அது காதில் விழவில்லை.

மெத்தை செய்து நொடித்துப்போன கம்பெனியின் கொட்டகை.
அதுதான் எங்கள் விண்கலம்.
கதவுகள் தாமாகத் திறக்கும் எதிர்காலத்துக்கு
வென்டல் கயிறு இழுத்தான்.
பக்கத்துக்கு ஒரு கயிறு, இரண்டுக்கும் ஒரே மூச்சு.
‘ஷ்ஷ்’ சத்தம் பிறகு டொரன்டோவில் சேர்த்தார்கள்.
இரண்டாவதில் அவனுக்குத் தும்மல் வர
கேப்டன் கதவில் முட்டிக்கொண்டார்.
மறுபடி எடுக்க நேரமில்லை.
புருவத்துக்கு மேல் அந்தச் சிவப்பு
ஒரு காட்சியில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை,
அதற்கடுத்ததில் மறுபடி இருக்கிறது.

எத்தனை கிரகம் இறங்கினோம்!
எல்லாவற்றிலும் அதே ஊசியிலை மரம், அதே சேறு.
“மனிதக் காலடி படாத உலகம்” என்று
கேப்டன் கண்கலங்கும்போது
பின்னால் சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர்
நாயோடு நடந்து போகிறார்.
சிரித்துச் சிரித்து
வென்டலுக்குத் தையல் போட்ட இடம் வலிக்கிறது.

இப்போதும் திரையில் யாராவது கதவை நெருங்கினால்
அவன் வலக்கை லேசாக எழும்புகிறது.
அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை.

எட்டாவதில் ரோண்டா போகிறாள்.
கலத்துக்குத் திசை சொல்பவள்.
அவளை என்ன செய்வதென்று எழுதியவர்களுக்குப் புரியவில்லை:
ஒரு வாரம் வைத்தியம் தெரிந்தவள்,
ஒரு வாரம் காரணமில்லாமல் அழுபவள்,
பிறகு வெறும் தலையாட்டல்.
கடைசியில் “மாற்றல் வந்திருக்கிறது” என்று ஒரே வசனம்.
பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகிறாள்.
கதவு திறக்கவில்லை.
அரை நொடி. அதற்கும் கொஞ்சம் மேலே.
நிற்கிறாள்.
பிறகு திறக்கிறது.

மறுபடியும் தும்மலா என்று கத்தினார் இயக்குநர்.
ஆமாம் என்றான் வென்டல்.

அதன்பின் அவள் பெயரைக்
கலத்தில் யாரும் எடுப்பதில்லை.
இந்த வீட்டிலும்தான்.
அந்தக் குளிர்காலமே ரெஜைனாவுக்குப் போனாள்,
ரெஜைனாவிலிருந்து எங்கும் போகவில்லை.

ஒன்பதில் எல்லோரும் பாடுகிறார்கள். ஏனென்று கேட்காதீர்கள்.
பத்து நன்றாகவே இருக்கிறது,
அதனால் இருவரும் தூங்கிவிட்டோம்.

பதினொன்று.
பார்த்தவர் எல்லாம் திட்டித் தீர்த்தது.
கொட்டகையில் மீந்த பஞ்சுக்குச் சாம்பல் பூசி
பாறை மிருகம் என்றார்கள்.
நடந்தால் முதுகில் ஜிப் தெரியும்.
எடுத்தது என்னவோ மூன்றாவதாக.
சேனல்காரர்கள் வெட்கப்பட்டு ஒளித்துவைத்து,
வேறொன்றும் கையில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை
எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே
கேப்டன் புருவத்தில் சிவப்பு திரும்பியிருக்கிறது.
ஆகவே கதவு திறக்கிறது, நூல் பிசகாமல்,
ரோண்டா உள்ளே வருகிறாள்.
கையில் தேநீர்.
யாரும் திடுக்கிடவில்லை.
எங்கே போயிருந்தாய் இல்லை, எப்போது வந்தாய் இல்லை.
தன் நாற்காலியில் உட்கார்ந்து
“திசை நாற்பது, பாதை தெளிவு” என்கிறாள்.

வென்டல் ஒலியைக் கூட்டுகிறான்.

பாறை மிருகம் கத்திக்கொண்டு வருகிறது.
உள்ளே நான்தான்.
மூச்சுக்காக விட்ட துவாரத்தில்
எனக்குத் தெரிந்தது கொஞ்சம்:
தட்டிக்குப் பின்னால் ஒரு கயிறு,
அதைப் பிடித்த கை,
அந்தக் கையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு.
காமிரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.