தாண்டிவே

கலெக்டர் ஆபீசுக்கு முன்னால்
பஸ் நின்றது. நின்றதுதான்.
ரெக்கார்டு நோட்டை வெயிலுக்குத் தலைமேல் பிடித்து
இறங்கினேன்.

தமிழ் வகுப்பில் ‘வேண்டும்’ படித்திருக்கிறேன்:
எனக்கு ஒரு காப்பி வேண்டும்.
எனக்கு ஜன்னலோர சீட் வேண்டும்.
இங்கே அதே சொல்லை
நானூறு பேர் தூக்கி வருகிறார்கள்,
மாடிக்கு பீரோ ஏற்றுகிறவர்கள் போல
ஒரே மூச்சில்.

பிடித்த பி.எஃப். எங்கே என்றது ஓர் அட்டை.
எழுத்துக் கூட்டி நான் ‘எங்கே’வுக்கு வருவதற்குள்
அட்டை போய்விட்டது.

பச்சைக் கோட்டுகளுக்கு நடுவில் ஒருத்தி
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
யாரென்று தெரியவில்லை.
விளக்குமாறு இல்லாத மாதம்மாவை
நான் பார்த்ததே இல்லை,
விடுதித் தெருவில் ஒன்றரை வருடம்,
தினமும் காலை ஆறு மணிக்கு.

புலவாயோவில் அம்மா வைத்த பெயர் தாண்டிவே.
மாதம்மா வாயில் அது எப்போதும் ‘தாண்டி வா’.
இப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாள்,
முழுத் தொண்டையில்.
கயிறு பிடித்திருந்த போலீஸ்காரர்
திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

விசாவை நினைத்தேன்.
தாண்டவில்லை.

“வர்ற வரைக்கும் வெச்சிரு கண்ணு” என்று
அவள் நீட்டிய சோற்றுப் போசியைக்
கயிற்றுக்கு மேலாக வாங்கிக்கொண்டேன்.
பின்னால் பஸ் கிளம்பும் சத்தம்.
போசி இன்னும் சூடாக இருந்தது.