மூன்றாவது சிலிண்டர்

ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.
எட்டரைக்கே போய்விட்டேன்.
தான் பூன் லியோங் கொட்டகைக்கு வெளியே நின்று
பசியாறிக்கொண்டிருந்தார்.
மூடியைக் கழற்றி இயந்திரத்தின் மேல் கை வைத்தேன்.
சுட்டது.

ஞாயிறு காலையில்
ஒரு பழைய படகு இயந்திரம் எதற்காகச் சுட வேண்டும்?
விடியுமுன் எழுப்பி, இருமித் தீர்க்கவிட்டு,
முகம் கழுவி உட்கார வைத்திருக்கிறார்கள்,
பெண் பார்க்க ஆள் வருகிறதென்று.

ஆறட்டும் தவுக்கே, என்றேன்.
மார்க்கெட்டுக்குப் போனேன்.
இரண்டு கட்டு கங்கோங், அரைக் கிலோ கெம்போங்.
நிதானமாகப் பேரம் பேசினேன்.

பதினேழு வருடம்
சுங்கை தெராப் செம்பனை ஆலைத் தராசில் இருந்தவள் நான்.
குலைக்கடியில் மணல் கொட்டி வருகிற லாரி,
தண்ணீர்த் தொட்டி ததும்ப உள்ளே வந்து
காலியாக வெளியே போகிற லாரி,
மேடை ஏறும் சத்தத்திலேயே தெரியும்.
ஆறு மட்டும் எடையை ஏற்றிச் சொல்லாதா என்ன?

"ஆத்துல மட்டும்தான் ஓடுச்சு, தங்காச்சி.
ஞாயித்துக்கெழமை மட்டும். தூண்டிலுக்கு."
என்னைவிட நல்ல தோட்டத்துத் தமிழ் அவருக்கு.

ஆறிப்போனதை இழுத்தேன்.
ஏழாவது இழுப்பில்தான் விழித்தது.
பக்கத் துளையில் தண்ணீர் வந்தது,
கல்லடைப்புக்காரர் போல
விட்டு விட்டு.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன்.
இரண்டு, பிஸ்கட் நிறம்.
ஒன்று, ஈரக் கறுப்பு.
பட்டறை நோர்டினிடம் இரவல் வாங்கிய மானியைச் சொருகினேன்.
நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பதினைந்து.
மூன்றாவது எண்பத்து நாலில் நின்றுகொண்டது.
மறுபடி இழுத்தேன்.
எண்பத்து நாலு.

கியர் எண்ணெய் தே தாரேக் நிறமில்லை, நல்ல வேளை.
கறுப்புதான். ஆனால் தீய்ந்த வாடை.
கைப்பிடி ரப்பரில்
ஒரு கட்டைவிரல் குடியிருந்து போன பள்ளம்.
ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவு ஆழம் தோண்டாது.

தெர்மோஸ்டாட் மூடிக்கு நாலு போல்ட்டு.
இரண்டின் பெயிண்ட் ஏற்கெனவே பிளந்திருந்தது.
உள்ளே வெள்ளைப் பொருக்கு.
விரலால் சுரண்டி
நாக்கில் வைத்தேன்.

கடல்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"ஆறு கடலுக்குத்தானே போகுது," என்றார்.

சிரித்துவிட்டேன். அதற்காக விலையை ஏற்றவில்லை.

ஐயாயிரத்து எண்ணூறு வெள்ளி என்பது
மூன்று சிலிண்டருக்கான விலை.
நான் பார்த்தது இரண்டேகால்.
போன மணி எத்தனையென்று யாருக்கும் தெரியாது.
மிச்சம், என் கணக்கில், அறுநூறு.
காலை ஷிப்டை அக்கரைத் தோட்டத்தில் இறக்கி
மாலையில் அழைத்துவர
நாளுக்கு ஒரு மணி.
மாதம் இருபத்தாறு நாள்.
இருபத்து மூன்று மாதம்.

மூவாயிரத்து இருநூற்றுக்குப் படிந்தது.
அவர் இரண்டு முறை எண்ணினார்.
ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
பார்க்கட்டும். நானும் அதைத்தானே செய்தேன்.

கொழுந்தன் கதிரொளி வேனைப் பின்னால் எடுத்தான்.
இயந்திரத்தைப் பழைய மெத்தையில் கிடத்தினோம்.

படித்துறையில் பாலத்து வேலைக்கான பலகை:
இருபத்து நான்கு மாதத்தில் நிறைவடையும்.
பாலம் வந்தால் படகு எதற்கு?
கூட்டிக் கழித்தால்
ஒரு மாதம்தான் துண்டு விழுகிறது,
அதுவரை நீந்தட்டும் எல்லாரும், என்றான் கதிரொளி.

பலகையின் ஆணிகள் துருவேறிச் சிவந்திருந்தன.
அந்த இருபத்து நான்கு மட்டும் புதுப் பெயிண்ட்.
இறங்கிப் போய் நகத்தால் சுரண்டினேன்.
அடியில் பதினெட்டு.
அதற்கும் அடியில்
பன்னிரண்டு மாதிரி ஏதோ.

வேனில் ஏறினேன்.
"வீட்டுக்கா அண்ணி?"

இல்லை. நோர்டின் பட்டறைக்கு விடு.
மூன்றாவது சிலிண்டருக்கு
ஒரு செட் ரிங் என்ன விலையென்று கேட்போம்.