சீறுவதும் செத்துக் கிடப்பதும்

செம்பவாங் கடலோரத் தென்னைகளில்
பதினோராவது மரம்.
விரிந்த மட்டையில் கத்திரி போட்ட விசிறி.
பார்த்ததும் தெரிந்துவிடும், யார் வேலையென்று.
ஹம்சா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள
கொக்கிக் கம்பியைக் குருத்தில் விட்டுச் சுழற்றினேன்.
நாரும் ஈரமுமாய் வந்தது,
கட்டைவிரல் பருமனில்
கொம்பு வைத்த கருப்பு.
கம்பி குத்தவில்லை. கையில் எடுத்தால் சீறுகிறது.
மதியம் காலியான டப்பாவில் போட்டுக்கொண்டேன்.
ஏன் என்று ஹம்சா கேட்டார்,
பதில் இல்லை.

புளோக் 406, ஒன்பதாம் மாடி.
அரிசியைத் தட்டில் கொட்டினால்
எள்ளுக்கு மூக்கு முளைத்ததுபோல் நாலைந்து.
விரல் பட்டால் போதும்,
காலை மடக்கிச் செத்துவிடுகின்றன,
நான் நம்பும்வரை.

இதற்கு மரம் தெரியாது, மழை தெரியாது.
ஒரே ஓர் அரிசிக்குள் கண்விழித்து
சுவரைத் தின்று வளர்ந்து
தின்று முடித்த இடத்தில்
வாசல் வைத்துக்கொள்ளும்.
அதற்கோ ஒரு மரத்தின் உச்சி,
பச்சை ஏறாத வெள்ளைக் குருத்து, அதன் சாறு,
இருட்டியபின் அடுத்த மரம்வரை காற்று.
புழுவாய் இருந்தபோது மட்டும்
மட்கிய கட்டைக்குள் கொழுத்துக் கிடந்திருக்கும்.

இரண்டையும் ஒழிப்பது என் வேலை.
ஒன்றுக்குத்தான் சம்பளம்.

மூட்டையோடு வீசச் சொல்கிறார் நீலமேகம்.
பாஸ்மதி, முப்பது வெள்ளி என்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டு நின்றேன்.
டப்பாவுக்குள் கொம்பு மூடியைச் சுரண்டுகிறது.
தட்டில் ஓசையே இல்லை.
விளக்கைப் போட்டால்
செத்த ஒன்று
விளிம்பைத் தாண்டி
இறங்கிக்கொண்டிருக்கிறது.