எழுவாய்

பதினொரு வரைவுகள் எழுதினேன்.
நல்ல காகிதம். ரோமில் ரொட்டிக்கு வரிசை நின்றபோதும்
எங்கள் அலுவலகத்துக்கு
நல்ல காகிதம் வந்துகொண்டுதான் இருந்தது.

முதல் வரைவில் ஒரு பெயர் இருந்தது.
மான்சிஞ்ஞோர் பெலிசாரியோ அதன்மேல்
பென்சிலை மெல்லச் சாய்த்தார்,
தூங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல.
"ஓத்தோரீனோ, பெயர் வேண்டாம்.
பெயர் சொன்னால் பழி தீர்ப்பார்கள்.
நாம் தாங்கிக்கொள்வோம். தாங்க முடியாதவர்களை
நினைத்துப் பார்."
நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை.
பொய்யாக இருந்திருந்தால்
இத்தனை வருடம் நான் தூங்கியிருப்பேன்.

மூன்றாவதில் 'கொல்கிறார்கள்' என்பது
'கொல்லப்படுகிறார்கள்' ஆயிற்று.
ஐந்தாவதில் 'உயிரிழக்கிறார்கள்'.
ஏழாவதில் 'துன்புறுகிறார்கள்',
பல்வலிக்காரர்களைப்போல.
ஒன்பதாவதில் 'யூதர்' என்ற சொல் கழன்று விழுந்தது,
நூல் நைந்த பொத்தான்போல,
சத்தமே இல்லாமல்.

பொத்தான் என்றதும்
கிரத்ஸியாதியோ தெர்ராசீனாவைச் சொல்லியாக வேண்டும்.
ஆற்றங்கரையில் தள்ளுவண்டி.
எலும்பு, கொம்பு, சிப்பி, பித்தளை.
என் அங்கிக்கு முப்பத்துமூன்று பொத்தான்கள்,
ஆண்டவரின் வயதுக்கு ஒவ்வொன்றாக.
"அது எங்கள் வீட்டுப் பையனின் வயது, பாதர்.
சொந்தக்காரர் விலைக்குத் தருகிறேன்" என்பார்,
தருவார்,
பிறகு நூலுக்குக் கூடுதலாக வாங்கிவிடுவார்.
அந்த வெள்ளிக்கிழமை கறுப்பு தீர்ந்துபோயிருந்தது.
"ஓய்வுநாள் நெருங்குகிறது, வண்டியை மூடுகிறேன்.
திங்கட்கிழமை வாருங்கள்."

சனிக்கிழமை. அக்டோபர். விடியுமுன் மழை.
தார்ப்பாய் போட்ட லாரிகள்
பாலத்தைக் கடக்கும் ஓசை என் மேசைவரை கேட்டது.
மைக்கூடு லேசாக அதிர்ந்தது.
நான் பதினோராவது வரைவில் இருந்தேன்:
துயரமா, துக்கமா,
எது இன்னும் மென்மை?

செய்பவரை எழுவாய் என்கிறது இலக்கணம்.
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்,
யாரையோ தட்டி எழுப்புவதுபோல் இருக்கிறது.
என் வாக்கியத்தில் அது இல்லை.
தோன்றா எழுவாய் என்று தேற்றிக்கொள்ளலாம்.
பயனிலை இருந்தது,
பிரித்துப் படித்தாலும் அதே பொருள்தான்.
செயப்படுபொருள்
லாரியில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது,
கையில் ஒரு பால்புட்டியுடன், நனைந்த காலணியுடன்.

அதே விடியலில், ஆற்றுக்கு இப்பால்,
மடத்து வாயிற்காவல் சகோதரி ஃபிதென்ஸியா
கதவு தட்டும் ஒலி கேட்டு எழுந்தாள்.
வெளி ஆண்கள் நுழையக் கூடாத மடம் அது.
"மேலிடத்து அனுமதிக் கடிதம் வந்ததா?" என்று
தலைவி உள்ளிருந்து கேட்டாளாம்.
"இன்னும் இல்லை அம்மா.
ஆனால் இவர்கள் வந்துவிட்டார்கள்."
பதினான்கு பேர். கஷ்கொட்டை மாவுக் கஞ்சி.
ஒரு கிழவருக்குக் கன்னியர் முக்காடு போட்டுவிட்டு
தாடியை என்ன செய்வதென்று தெரியாமல்
சிரித்துவிட்டாளாம், பிறகு கத்தரிக்கோலைத் தேடினாளாம்.
எழுதப் படிக்கத் தெரியாதவள்.
அவள் வாக்கியத்தில் எழுவாய் அவளே.

நாங்கள் பேசாதிருந்ததால்தான்
அந்தக் கதவு உடைபடாமல் தப்பியது என்று
பின்னாளில் பெலிசாரியோ எழுதினார்.
இருக்கலாம்.
தராசின் ஒரு தட்டில் அந்தப் பதினான்கு பேர்.
மறு தட்டை
நான் இதுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அன்றிரவு சதுக்கத்துக்கு மேலே
ஒரு சன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது.
யாரோ அழுதிருக்கலாம். யாரோ முழந்தாளிட்டிருக்கலாம்.
அந்த வெளிச்சம் ஆறுவரை எட்டவில்லை,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை போனேன்.
வண்டி இருந்தது, பூட்டு இருந்தது,
மழைநீரில் சிப்பிப் பொத்தான் ஒன்று கிடந்தது. வெள்ளை.
அது என் அங்கிக்குப் பொருந்தாது.
எடுக்கவும் இல்லை, விட்டுவரவும் முடியவில்லை,
வெகுநேரம் நின்றேன்.

எனக்கு இப்போது எண்பத்தோரு வயது.
என் அங்கியில் இன்றும் முப்பத்திரண்டுதான்.
விட்டுப்போனது எல்லாவற்றிலும் மேலே இருப்பது,
குரல்வளைக்கு நேரே.
குளிர்காலத்தில் காற்று
அந்த வழியாகத்தான் நுழைகிறது.