மாதிரி எண் பதினேழு

பனங்காட்டில், கொலுசுப் பட்டறைக்குப் பின்னால்
சாக்கடை வளைகிற இடத்தில்
துளைக்கம்பியைத் திருகி இறக்கினேன்.
பத்து சென்டிமீட்டர் வரை கறுப்பு.
அப்புறம் சாம்பல்.
இருபதில் பழைய செம்மண்,
மேலே நடந்தது எதுவும் தெரியாததுபோல.

"எவ்வளவு தேறும்?" என்றாள் அம்சவேணி,
அலுமினியத் தட்டை இடுப்பில் இடுக்கியபடி.
"எது?"
"வெள்ளிதான். வேற எதுக்கு மண்ணள்ளுவாங்க?"

எனக்கு முன்பே இந்த மண்ணை ஆய்ந்தவள்.
பட்டறை பெருக்கிய குப்பையைப்
பக்கெட் கணக்கில் பேசி வாங்கி
அரித்து, அலசி, உருக்கி
வாரத்துக்கு எட்டு கிராம், ஒன்பது கிராம்.
தீபாவளிக்கு முந்தின வாரம் பதினொன்று.
விரலில் தேய்த்துச் சொல்கிறாள்:
"இது மெருகு போட்ட எடத்து மண்ணு.
இது திராவகம் ஊத்துனது, ராத்திரி கை எரியும்."
என் ஆய்வகத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆகும்.

சாக்கின் மேல் அவள் பையன் மோனிஷ்.
சுட்டுவிரல் வாயில்.

ஈயம் வந்தது, காட்மியம் வந்தது.
எண்களைப் படிவத்தில் இட்டேன்.
குழந்தையின் எடை: பதினைந்து கிலோ.
நாளொன்றுக்கு விழுங்கும் மண்: இருநூறு மில்லிகிராம்.
ஆண்டுக்கு முந்நூற்றைம்பது நாள்.
மீதிப் பதினைந்து நாள் அந்தக் குழந்தை
எந்த ஊருக்குப் போகிறது என்று
நான் யாரையும் கேட்டதில்லை.
விடை: புள்ளி ஒன்பது இரண்டு.
ஒன்றுக்குள் இருக்கிறது.
ஏற்கத்தக்கது.

போன் செய்தேன். "மோனிஷ் எவ்வளவு எடை?"
"பதினொன்றரை. திங்கக்கெழம அங்கன்வாடில நிறுத்தாங்க.
ஏன் சார்?"

பதினைந்தை அழித்துப் பதினொன்றரை.
ஒன்று புள்ளி இரண்டு.

"நிலையான மதிப்பை மாற்றக் கூடாது"
என்றார் மேலதிகாரி நெடுஞ்செழியன்.
கெட்டவர் இல்லை. மாற்றினால்
சேலத்தில் ஒவ்வொரு பிள்ளையையும்
நிறுக்க வேண்டியிருக்கும் என்றார்.
ஆமாம் சார் என்றேன்.
ஆமாம் என்பதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பிவிட்டு
மறுபடி போனபோது
கையைக் கழுவச் சொன்னேன்,
பையனை உள்ளே வைக்கச் சொன்னேன்.
எந்தத் தண்ணியில, எந்த உள்ள,
என்று அவள் கேட்கவில்லை.
வேறொன்று கேட்டாள்:

"அரைக்கிலோ எடுத்துட்டுப் போனீங்க.
அதுல என் வெள்ளி இருக்கு.
சோதிச்சு முடிச்சதும் குடுத்துருங்க."

பதினேழு இன்னும் அலமாரியில்,
முத்திரையிட்ட பையில்.
நச்சுக்கழிவு என்று சீட்டு ஒட்டியவன் நான்தான்.